முட்டைக்கு ஸ்கிரீன் மாட்டினோம்

"இதுல புதுசா ஒரு ஓட்டைகூட விழக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை டிரில்லில் பிட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார். தங்கை வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றபடி சொன்னாள். கனடாவில் ஸ்கார்பரோ, அவர்கள் வீட்டு டிரைவ்வே, மே மாதத்துச் சனிக்கிழமை காலை. வெயில் பளீரென்று அடித்தது. ஆனாலும் எனக்கு ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வரவில்லை. எதிரே இரண்டு சக்கரத்தின் மேல் வெள்ளையாக, உருண்டையாக, கோழி இட்டு மறந்துபோன முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது அவர்களுடைய கேம்பர் டிரெய்லர். அடுத்த வாரம் விக்டோரியா தின விடுமுறை. மே 25க்கு முந்தைய திங்களில் வரும் அந்த நீண்ட விடுமுறையில்தான் இங்கே பலர் ஆண்டின் முதல் முகாமுக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் ஜன்னல்களுக்கு ஸ்கிரீன் மாட்டியாக வேண்டும்.

ஸ்கிரீன்தானே, ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் நானும் கை கொடுக்க இறங்கினேன். ஞாயிறு இரவு பத்து மணிக்குத்தான் முடிந்தது.

முதலில் இந்த முட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பெயர் போலர். 1968இல் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கியது. அதற்கு முன் அவர் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டாங்க் வடிவமைத்தவர். தண்ணீர் கசியாத, துருப்பிடிக்காத, லேசான தொட்டி செய்யத் தெரிந்தவர், அதையே கொஞ்சம் பெரிதாக்கி ஜன்னல் வைத்து மனிதர்களைக் குடியமர்த்திவிட்டார். வெள்ளைக்காரர்கள் அணியும் உருண்டைத் தொப்பியான பௌலரை நினைவூட்டியதால் அந்தப் பெயர். மேல்பாதி ஓர் அச்சு, கீழ்ப்பாதி ஓர் அச்சு. இரண்டையும் இடுப்பில் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். நீளம் 13 அடி, எடை அரை டன்னுக்கும் குறைவு. சின்னக் காரே இழுத்துவிடும். 1988 வரை செய்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 10,000. 2018இல் பொன்விழாவுக்கு நூற்றுக்கணக்கான முட்டைகள் வின்னிபெக்குக்குத் திரும்பி வந்து கூடின.

தங்கை வீட்டு முட்டை எழுபதுகளைச் சேர்ந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் ஆளாளுக்கு எதையோ மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டியதில் சுவரெல்லாம் பழைய ஓட்டைகள். போன குளிர்காலம் முழுக்க மாப்பிள்ளை அவற்றை அடைத்திருக்கிறார். ஃபைபர்கிளாஸ் மக்காது. ஆனால் தரை பிளைவுட். ஜன்னல் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மழைநீர் சுவரோரமாக ஊர்ந்து கீழே வந்து தரையைப் பஞ்சாக்கிவிடும். மழை நின்றபின் உள்ளே எல்லாம் காய்ந்த மாதிரித் தெரியும். மூன்றாம் வருடம் கால் பொதக்கென்று இறங்கும்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும். தங்கையின் எச்சரிக்கைக்கு அதுதான் காரணம்.

நம் வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். எவ்வளவு நீள ஸ்க்ரூ போட்டாலும் அது உள்ளேயேதான் இருக்கும். இங்கே நான் விரலால் தட்டிப் பார்த்த சுவர் கால் அங்குலம்கூட இல்லை. அந்தப் பக்கம் வானம். உள்பக்கம் குளிர் தாங்க ஒரு மெல்லிய நுரைப் படலம் ஒட்டி, அதன் மேல் வினைல் போர்த்தியிருக்கிறது. தொட்டால் மெத்தென்று அமுங்கும். அதில் ஸ்க்ரூ பிடிக்காது, பசை டேப் ஒட்டினால் இரண்டு நாளில் வினைலையும் உரித்துக்கொண்டு வரும். ஸ்கிரீன் மாட்டுவது துணி வேலை என்று நினைத்து வந்தவனுக்கு, இது சுவர் வேலை என்று அப்போதுதான் உறைத்தது.

சுவரோடு இன்னொரு வம்பும் இருக்கிறது. முட்டைக்கு நேரான இடமே கிடையாது. இடுப்புக்கு மேலே சுவர் உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய்க் கூரையாகிவிடுகிறது. அதனால் ஜன்னலும் சாய்ந்தே நிற்கிறது. மேல்விளிம்பு நம் பக்கம், கீழ்விளிம்பு வெளிப்பக்கம். மாப்பிள்ளை ஒரு பழைய துண்டை மேலே மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டினார். துணி நேராக இறங்கியது, ஜன்னல் சாய்ந்து விலகிப்போனது. கீழே நான்கு விரல் இடைவெளி. அந்த இடத்தில்தான் இரவில் தலை வைத்துப் படுக்க வேண்டும். பின்பக்கத்து மேசையை இறக்கி, மெத்தைகளை நடுவில் தள்ளினால் அதுவே கட்டில். தொங்கும் துணி தூங்குகிறவர் முகத்தில் விழும். பயணத்தின்போதும் சும்மா இருக்காது, ஆடி ஆடி ஓரம் நைந்துபோகும். அதனால் சின்ன டிரெய்லர்களில் ஸ்கிரீனுக்கு மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. பாவாடை நாடாவை இரண்டு பக்கமும் கட்டின மாதிரி.

துணி நான் கொண்டுபோனது. மதுரையிலிருந்து கிளம்பும்போதே தங்கை போனில் கேட்டிருந்தாள்: "அண்ணே, சுங்குடி ரெண்டு பீஸ் எடுத்துட்டு வா. கிளிப்பச்சையும் அரக்கும்." சித்திரை வீதிப் பக்கம் போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். புள்ளி புள்ளியாக அழகான பருத்தி. டிரெய்லருக்குள் விரித்துப் பிடித்தபோது வெயில் ஊடுருவிப் பச்சை நிழல் விழுந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

தைத்துத் தரும் அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு தெரு தள்ளி, வீட்டின் நிலவறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, இது பகலுக்கு மட்டுந்தான் சரி. இரவில உள்ளுக்கு லைட்டைப் போட்டா, வெளியில நிக்கிறவைக்கு நீங்கள் உடுப்பு மாத்திறது படம் மாதிரித் தெரியும்."

தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு இருந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொம்மையாக நானே ஆடப்போவதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவரே வழியும் சொன்னார். சுங்குடிக்குப் பின்னால் வெளிச்சம் புகாத லைனிங் துணி ஒன்று. வெள்ளைப் பக்கம் ஜன்னலைப் பார்க்க வேண்டும், வெயிலைத் திருப்பியனுப்பும். லைனிங்கில் கனமானதும் உண்டு, மெல்லியதும் உண்டு. மெல்லியதைத்தான் எடுக்கச் சொன்னார். கனமானதை மடித்து ஓரம் தள்ளினால் பாதி ஜன்னலை அதுவே அடைத்துக்கொள்ளும். அதே காரணத்துக்காக வீட்டு ஸ்கிரீன் மாதிரி இரண்டு மடங்கு துணியும் வேண்டாம், ஒன்றரை மடங்கு போதும். 90 சென்டிமீட்டர் அகல ஜன்னல் என்றால் 135 சென்டிமீட்டர் துணி, ஓரம் மடிக்கத் தனியாக. "யன்னலின்ர அளவை வாயால சொல்லாதேங்கோ. கடதாசியில வெட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை எவ்வளவு சரி என்பது அளக்கப் போனபோது புரிந்தது. வளைந்த சுவரில் இஞ்ச் டேப் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு சொல்கிறது. தங்கையின் மகள், என் மருமகள், பழைய செய்தித்தாளை ஜன்னல் மேல் ஒட்டி, விளிம்பை விரலால் அழுத்தித் தடம் எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். ஒன்பது வயது. ஐந்து ஜன்னலுக்கும் எண் போட்டு, எது மேல் எது கீழ் என்று அம்புக்குறியும் போட்டாள். பெரியவர்கள் நாங்கள் இரண்டு பேர் அதற்குள் மூன்று அளவு எடுத்து மூன்றும் வேறு வேறாக வந்த தாளைக் கசக்கிப் போட்டிருந்தோம்.

வெட்டுவதற்கு முன் சுங்குடியைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயப்போட்டாள் தங்கை. பருத்தி முதல் அலசலில் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் ஜன்னல் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். சாயமும் சும்மா விடாது. டிரெய்லர் ஜன்னல் இரவெல்லாம் வியர்க்கும், ஈரம் பட்டால் அரக்குச் சாயம் மெத்தையில் இறங்கிவிடும்.

இந்த வியர்வையைப் பற்றி மாப்பிள்ளை சொன்ன ஒரு கணக்கு எனக்குப் புதிது. ஒரு கிலோ புரோப்பேன் வாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. எரிவது வாயு, பிறப்பது நீர். எடை கூடுவது காற்றிலுள்ள ஆக்சிஜனால். அந்தச் சின்ன அறையில் தேநீர் போட்டு, மூன்று பேர் மூச்சுவிட்டுத் தூங்கினால் எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் போய் உட்காரும். நல்ல ஸ்கிரீன் இதைக் கூட்டத்தான் செய்யும். உள்ளே இருக்கும் சூடு கண்ணாடிக்குப் போகாமல் தடுப்பதால் கண்ணாடி இன்னும் குளிரும், இன்னும் வியர்க்கும். அதனால் துணி கண்ணாடியைத் தொடக்கூடாது, ஜன்னலை இரவில் ஒரு விரற்கடை திறந்தே வைக்க வேண்டும், காலையில் எழுந்ததும் ஸ்கிரீனை ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் லைனிங்கில் கரும்புள்ளி விழுந்து பூசணம் பிடிக்கும்.

சனிக்கிழமை மதியம் பக்க ஜன்னல்களை எடுத்தோம். நம் ஊர்ப் பழைய குளியலறைகளில் இருக்குமே, திருகினால் கண்ணாடிப் பட்டைகள் சாயும் லூவர், அதுவேதான் இங்கும். சுற்றிலும் அலுமினியச் சட்டம், சட்டத்தில் வரிசையாக ஸ்க்ரூக்கள். மாப்பிள்ளை டிரில்லைத் தொடவே இல்லை. மேல்மூலையில் இருந்த ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி, சின்ன கொக்கித் தகடு ஒன்றை அடியில் நுழைத்து, அதே ஸ்க்ரூவை அதே ஓட்டையில் முடுக்கினார். நான்கு மூலைக்கும் இப்படி நான்கு கொக்கி. புது ஓட்டை பூஜ்யம். ஒரே நேரத்தில் ஒரு ஸ்க்ரூவுக்கு மேல் கழற்றவில்லை. கழற்றினால் சட்டம் தளர்ந்து, அடியில் இருக்கும் பியூட்டைல் பட்டை விலகிக் கசிவு ஆரம்பித்துவிடுமாம்.

கொக்கிகளில் மாட்ட அவர் எடுத்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி! மதுரையில் எங்கள் வீட்டு ஜன்னல்களின் கீழ்ப்பாதியை முப்பது வருடம் மறைத்த அதே கம்பி. நடுவில் தொய்ந்து, சிரிக்கிற வாய் மாதிரி ஆகிவிடும். அது இங்கே எப்படி என்றேன். "நீளமா இருந்தாத்தான் மச்சான் தொய்யும். இது குட்டி ஜன்னல். அதோட, மேலயும் கீழயும் இழுத்துப் பிடிச்சா துணியே விறைப்பா நிக்கும்" என்றார். தேவையான நீளத்தைவிட ஒரு கை அளவு குறைத்து வெட்டி, இழுத்து மாட்டி, அந்தப் பழைய துண்டைப் போட்டுப் பார்த்தார். நின்றது. லூவரைத் திருகும் கைப்பிடி மட்டும் துணிக்குள் முட்டிக்கொண்டு கூன் போட்ட மாதிரித் தெரிந்தது. கீழ்க்கம்பியைக் கைப்பிடிக்கு மேலாக இரண்டு விரல் ஏற்றியதும் சரியாயிற்று.

அடுப்புக்கு மேலே இருக்கும் ஜன்னலுக்குத் துணியே கிடையாது. அதில் தங்கை பிடிவாதமாக இருந்தாள், நான் அவள் பக்கம். இரண்டு பர்னர் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் ஒரு முழம் இருக்காது. வெள்ளிப் படலம் ஒட்டிய குமிழ் விரிப்பை மருமகளின் செய்தித்தாள் அளவில் வெட்டி, ஜன்னல் குழிக்குள் அழுத்திவிட்டோம். தூங்கும்போது வைப்பது, சமைக்கும்போது எடுத்து மெத்தைக்கு அடியில் சொருகிவிடுவது. பார்க்க அழகில்லை.

மிச்சமிருந்தவை முன்னும் பின்னும் இருக்கும் பெரிய ஜன்னல்கள். ஓட்டைக்குத் தப்ப முடியாது என்று நான் பயந்தது இவற்றில்தான். ரப்பர் பட்டையில் பதிந்த கண்ணாடி. கழற்றிப் போட ஸ்க்ரூவே இல்லை. நீளமும் அதிகம் என்பதால் ஸ்பிரிங் கம்பியும் ஆகாது. அலுமினிய ட்ராக் வேண்டும், ட்ராக்கைப் பிடிக்க மரம் வேண்டும், மரத்தைப் பிடிக்கச் சுவர் வேண்டும். மாப்பிள்ளை ஜன்னலுக்கு மேலும் கீழும் இரண்டு விரல் அகலத்துக்கு அந்த நுரைப் படலத்தைப் பிளேடால் கீறி எடுத்தார். உள்ளே ஃபைபர்கிளாஸ் தெரிந்தது. உப்புத்தாளால் சுரசுரப்பாகத் தேய்த்து, துடைத்து, ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் பட்டையை எபாக்ஸியில் ஒட்டினார். ஒரே பட்டையாக வைத்தால் வளைவில் உட்காராமல் ஒரு முனை தூக்கிக்கொண்டது. மூன்று துண்டாக அறுத்து வைத்ததும் படிந்தது. குச்சிகளை எதிர்ச்சுவர் வரை முட்டுக்கொடுத்து அழுத்தி, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனோம். அந்தக் குளிரில் எபாக்ஸி இறுக ஒரு ராத்திரி வேண்டும்.

ஞாயிறு காலை அக்கா தைத்து அனுப்பிவிட்டார். பெரிய ஜன்னல்களுக்கானவற்றில் மேலும் கீழும் நாடா வைத்து, நாடாவில் வரிசையாகக் கிளைடர்களைப் பொருத்தியிருந்தார். பையைத் திறந்ததும் மருமகள் ஒரு ஸ்கிரீனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ட்ராக்கை முடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். இரண்டு நாளாகக் கையில் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் கொஞ்சம் ரோஷம். மாப்பிள்ளை கால் அங்குல ஸ்க்ரூ டப்பாவைக் காட்டிவிட்டுக் காருக்குப் போனார். பக்கத்தில் அரை அங்குல டப்பாவும் இருந்தது. இரண்டும் ஒரே நிற மூடி. பின் ஜன்னலுக்கு மேலே முதல் ஸ்க்ரூவை வைத்துத் திருப்பினேன். நன்றாகப் பிடித்தது. இன்னும் நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஒரு சுற்று.

"அண்ணே!" என்று வெளியிலிருந்து சத்தம்.

வெளியே ஓடினேன். வெள்ளைச் சுவரில், ஜன்னலுக்கு ஒரு சாண் மேலே, எறும்புக் கடிவாய் மாதிரி ஒரு பளபளப்பு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். ட்ராக் தகடு ஒன்று, பிளைவுட் ஆறு, சுவர் நான்கு. ஆக பதினொன்று. மிச்சம் இருந்த ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் கனடா வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐம்பது வருடமாக ஆளாளுக்குப் போட்ட ஓட்டைகளை ஒரு குளிர்காலம் முழுக்க அடைத்த வீட்டில், புது ஓட்டையை மதுரையிலிருந்து விமானம் ஏறி வந்து நான் போட்டிருக்கிறேன்.

தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மாப்பிள்ளை ஸ்க்ரூவைக் கழற்றி, வெளிப்பக்கம் ஓட்டையின் வாயைக் கிண்ணம் போல லேசாக அகலப்படுத்தி, எபாக்ஸிப் பசையைத் திணித்தார். நேராக அப்பினால் உதிர்ந்துவிடும், கிண்ணமாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். "இந்த வண்டியில ஓட்டை போடாத ஆளே இல்ல மச்சான், விடுங்க" என்றார். மீதி ஸ்க்ரூக்களை அவரே முடுக்கினார்.

ட்ராக்கில் ஸ்கிரீனைக் கோத்து ஏற்றும் வேலை மருமகளுக்கு. ஒரு முனையில் அடைப்பான் போட மறந்துவிட்டோம். அவள் வலப்பக்கம் ஒரே இழுப்பாக இழுக்க, கிளைடர்கள் பொலபொலவென்று மறுமுனை வழியாக மெத்தையில் கொட்டின. மறுபடி ஒவ்வொன்றாகக் கோத்தோம்.

மே மாத நடுவில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிறது, ஜூனில் ஒன்பதுக்கு மேல். குழந்தையை எட்டு மணிக்குத் தூங்க வைக்க வேண்டுமென்றால் இருட்டை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதிகாலை ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் மறுபடி வந்துவிடும். லைனிங் இல்லாத வெறும் சுங்குடியோடு போயிருந்தால் மூன்று நாளும் கண் எரிச்சலோடு திரும்பியிருப்பார்கள். அக்காவுக்கு அதற்காகவே ஒரு நன்றி.

ஒன்பதரைக்கு நன்றாக இருட்டியது. நான் உள்ளே போய் விளக்கைப் போட்டு எல்லா ஸ்கிரீனையும் இழுத்துவிட்டு, கையைத் தூக்கி ஆட்டினேன். மருமகள் வெளியே டார்ச்சோடு ஒரு சுற்று வந்தாள். முன் ஜன்னல் சரி. பக்கம் இரண்டும் சரி. பின்னால் வந்து நின்றாள்.

"மாமா, உங்க மீசை தெரியுது."

நடுவில் இரண்டு ஸ்கிரீனும் சேரும் இடத்தில் ஒரு விரல் கீற்று. அக்கா ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுத்தான் தைத்திருந்தார். நாங்கள்தான் இடம் வலம் மாற்றி ஏற்றியிருந்தோம். கழற்றி மாற்றி, சேரும் இடத்தில் மூன்று வெல்க்ரோத் துண்டு ஒட்டியதும் முட்டை முழுதாக இருண்டது. மணி பத்து.

திங்கள் மாலை நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு டிரைவ்வேக்குப் போய், உள்ளே ஏறி, பின் ஜன்னலுக்கு மேலே அந்தப் பிளைவுட் பட்டையில் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.